ஒரே வாளித் தண்ணீர், இரண்டு எண்கள்

கேள்வி: நாமக்கல் பக்கம் எங்களுக்குக் கோழிப்பண்ணை இருக்கிறது. கோழிகளுக்கான குடிநீரில் குளோரின் கலந்து, தண்ணீரின் ஆக்சிஜனேற்றத் திறனைக் காட்டும் ஓ.ஆர்.பி. மீட்டரில் 650 மில்லிவோல்ட்டுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்வோம். புதிதாக வாங்கிய மீட்டர், பழையது 650 காட்டும் அதே வாளித் தண்ணீரில் 850 காட்டுகிறது. எதை நம்புவது? குளோரினைக் குறைக்கலாமா?
— வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: குளோரினில் இப்போது கை வைக்காதீர்கள். இரண்டு மீட்டருமே சரியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

உங்கள் பேட்டையிலிருந்து பஸ் ஏறிப் போகும் ஏற்காட்டையே எடுத்துக்கொள்வோம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர். சேலத்துத் தரையிலிருந்து அளந்தால் சுமார் 1200தான். மலை ஒன்றே, அளக்கத் தொடங்கிய இடம்தான் வேறு.

மீட்டரின் பிளாட்டினம் முனையும் தனியாக எதையும் சொல்லாது. மேற்கோள் மின்வாய் என்ற துணையோடு ஒப்பிட்டுத்தான் சொல்லும். பெரும்பாலான மீட்டர்களில் அந்தத் துணை, சில்வர் குளோரைடு படிந்த வெள்ளிக் கம்பி. பொட்டாசியம் குளோரைடு கரைசலில் அமர்ந்திருக்கும். வேதியியலில் பூஜ்ஜியம் என்று வைத்திருப்பது திட்ட ஹைட்ரஜன் மின்வாயை. ஹைட்ரஜன் வாயு குமிழிட வேண்டிய அதைப் பண்ணைக்குத் தூக்கிவர முடியாது. 25 டிகிரியில் வெள்ளி மின்வாய் அந்தப் பூஜ்ஜியத்துக்கு ஏறத்தாழ 200 மில்லிவோல்ட் மேலே நிற்கிறது. உங்கள் புது மீட்டர் அந்த 200-ஐத் தானே கூட்டிக் காட்டுகிறதா என்று கையேட்டில் பாருங்கள்.

பண்ணைகளில் சொல்லும் 650 பெரும்பாலும் வெள்ளி மின்வாய்க் கணக்கு. புது மீட்டரில் 650 வரும்வரை குளோரினைக் குறைத்தால், பழைய கணக்கில் அது 450. கிருமியைக் கொல்லப் போதிய பலம் அந்தத் தண்ணீரில் இருக்காது.

கையேட்டில் அப்படி இல்லையென்றால் மின்வாயைச் சந்தேகியுங்கள். அதன் நுனியில் கரைசல் மெல்லக் கசியும் சிறு பீங்கான் அடைப்பு இருக்கும். அழுகிய முட்டை நாற்றமடிக்கும் போர் தண்ணீரில் அது கறுத்து அடைபடும். சேலத்து வெள்ளிக் கொலுசைக் கறுக்க வைக்கும் அதே சல்பைடுதான். மின்வாயைக் காயவிடாதீர்கள், காய்ச்சி வடித்த நீரிலும் ஊறப்போடாதீர்கள், உள்ளிருக்கும் உப்பு வெளியேறிவிடும். பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வையுங்கள். மீட்டரைச் சரிபார்க்கச் சோதனைக் கரைசலில் முக்கிப் பார்க்கும்போது, குப்பியில் அச்சிட்ட எண் எந்த மேற்கோள் மின்வாய்க்கு என்பதையும் படியுங்கள்.

இன்று முதல் பதிவேட்டில் வெறும் 650 என்று எழுதாமல், '650, வெள்ளி–சில்வர் குளோரைடு' என்று எழுதுங்கள். நாளை வேறொருவர் வேறு மீட்டரோடு வந்தாலும், கோழிக்குப் போகும் தண்ணீர் மாறாது.