கடல் ஈந்த கனிமம்

கடல்நீர் வற்றுங்கால் உப்பு மட்டுமே எஞ்சும் எனப் பலர் எண்ணுவர். நீர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறையும்போதே ஜிப்சம் என்னும் மென்கனிமம் படியத் தொடங்கும். அதற்குப் பின்னரே உப்பு விளையும். தூத்துக்குடி உப்பளங்களில் இவ்வாறு ஜிப்சம் படிவதுண்டு. பண்டைக் கடல்களும் உவர் ஏரிகளும் வற்றிய இடங்களிலும் இதுவே நிகழ்ந்தது. நம் நாட்டில் இராசத்தானே இதன் பெருங்களஞ்சியம். பெரம்பலூர் மாவட்டத்துக் காரையிலோ, ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகட்கு முன் கடலடியிற் படிந்த களிமண்ணின் வெடிப்புகளில் இது வெண்ணரம்புகள்போல் ஓடுகின்றது. சிமெண்டு விரைந்து இறுகாமற் காப்பதும், களர்நிலத்தைத் திருத்துவதும் ஜிப்சமே. உப்பளத்தில் அது மீண்டும் விளையும். நிலத்திற் புதைந்ததோ, அகழ்ந்தபின் மீளாது. ஆதலின், அளவறிந்து அகழ்தலே அறிவுடைமையாகும்.