கணிதம், கலை, இசை: இவை உலகப் பொதுவோ?

ஜென் மார்க்கத்தின் நோக்கில் ஒரு பாடம்



கணிதமும் கலையும் இசையும் மக்கள் அனைவருக்கும் பொதுவானவை என்பார் ஒரு சாரார். அவை அந்தந்த நாட்டார் தத்தம் வழக்கத்தால் ஆக்கிக்கொண்டவை, பொதுவென ஒன்றில்லை என்பார் மற்றொரு சாரார். இவ்விரண்டில் எது தகும் என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம். இது வீண் தர்க்கமன்று. ‘எம் கலையே உலகப் பொது’ என்று ஒருவன் சொல்லத் தொடங்கின், அடுத்த சொல்லிலேயே பிறன் கலை இழிந்ததாகிவிடும். அவ்விழிவைச் சுமத்தப்பெற்றோரின் வழிவந்த நமக்கு இது வாழ்வைத் தொட்ட வினாவாகும்.

தியானம் என்னும் சொல்லே பாலியில் ஜானம் என்றும், சீனத்தில் சான் என்றும், ஜப்பானில் ஜென் என்றும் வழங்குகின்றது. அம்மார்க்கத்தைச் சீனத்திற்குக் கொண்டு சென்ற போதிதருமர் காஞ்சியிலிருந்து போந்தவர் என்பது மரபு. ஜென் ஆசிரியர்கள் வாதத்தால் ஒரு கொள்கையை நாட்ட முற்படார். பொருளை நேரே நோக்குக என்பர். நாமும் அவ்வாறே நோக்குவோம்.

1. கணிதம்

நம் கோலார் தங்கவயலில் சுரங்கங்கள் இயங்கிய நாளில், கூண்டை ஏற்றவும் இறக்கவும் நிறுத்தவும் மணியடித்துக் குறிப்புணர்த்துவர். மணி மூன்று முறை ஒலித்தால், தமிழருக்கும் தெலுங்கருக்கும் ஆங்கிலேயருக்கும் அது மூன்றே. ஆயின் இத்தனை ஒலிக்கு ஏற்றுக, இத்தனை ஒலிக்கு இறக்குக என்பது மனிதர் கூடிச் செய்துகொண்ட உடன்பாடு. எண்ணிக்கை பொது, அதன்மேல் ஏற்றிய பொருள் பொதுவன்று.

மேலும் ஒரு சான்று காண்போம். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், வேறு துகள்களுள் பெரும்பாலானவற்றைப் பாறையே தடுத்துவிடும் ஆழத்தில், ஏறத்தாழ 2.3 கிலோமீட்டருக்குக் கீழே, பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும் கருவிகளை அமைத்தனர். வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் விளைவை அவர்கள் 1965-ஆம் ஆண்டில் கண்டனர். அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் வேறொரு குழுவினரும் அதனைக் கண்டனர். மொழி வேறு, மதம் வேறு, கண்டம் வேறு; கணக்கு ஒன்றே.

ஜப்பானியக் கணிதர் செக்கி தகாகாசு 1708-இல் காலமானார். அவர் கண்ட ஓர் எண்வரிசை 1712-இல் அச்சேறிற்று. அதே வரிசை, 1705-இல் காலமான சுவிட்சர்லாந்து அறிஞர் யாக்கோபு பெர்னூலியின் நூலிலும் 1713-இல் வெளிவந்தது. ஒருவரையொருவர் அறியாத இருவர் ஒரே இடத்தை அடைந்தனர். எனவே கணிதம் வெறும் நாட்டு வழக்கம் என்பது பொருந்தாது.

எனினும் எண்ணுவதற்கு முன், ‘இது ஒன்று’ என வரையறுக்கும் மனம் வேண்டும். நூறு பேர் குழிக்குள் இறங்கித் தொண்ணூற்றொன்பது பேர் ஏறினால், குறைந்தது ஒன்று என்பதில் எந்நாட்டார்க்கும் ஐயமில்லை. அக்கணக்கு மெய்யே. ஆனால் அந்த ஒருவருடைய இல்லத்தில் அது ஒன்றன்று, அனைத்துமாகும். பாறை வெடிப்பில் தந்தையரையும் தமையன்மாரையும் இழந்த நம் ஊருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. பௌத்த நூல்கள் சம்முதி சத்தியம் என்றும் பரமார்த்த சத்தியம் என்றும் உண்மையை இரு வகையாக உரைக்கும். எண் சம்முதி சத்தியம்; அது பொய்யன்று, முழுமையுமன்று. சந்திரனைச் சுட்டும் விரலையே சந்திரன் எனக் கொள்ளாதே என்று ஜென் எச்சரிப்பது இதன் பொருட்டே.

2. கலை

ஜப்பானில் கியோத்தோ நகரத்து ரியோவான்ஜி என்னும் ஜென் ஆலயத்தில் ஒரு கல்தோட்டம் உள்ளது. வெண்சரளை பரப்பிய தரையில் பதினைந்து கற்கள் இருக்கின்றன. திண்ணையில் எவ்விடத்தில் அமர்ந்து நோக்கினும் பதினைந்தும் ஒருங்கே தோன்றா. ஒன்றேனும் மறைந்தே நிற்கும். இடம் மாறி அமர்ந்தால் மறைந்த கல் தோன்றும்; தோன்றிய கல்லொன்று மறையும்.

இதிலிருந்து நாம் அறிவதென்ன? எல்லாவற்றையும் காணும் இருக்கை எவருக்கும் வாய்க்கவில்லை. ‘யான் காண்பதே முழுத் தோட்டம்’ என்பவன் தன் இருக்கையை உலகமென மயங்குகின்றான். ஆயினும் அங்கு அமரும் ஒவ்வொருவரும், தம் காட்சி குறையுடைத்து என்பதை உணரலாம். பொதுவானது காட்சியன்று, அவ்வுணர்வே.

3. இசை

தொல்காப்பியம் நிலத்திற்குரிய கருப்பொருள்களை உரைக்குங்கால், தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் முதலியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்துரைக்கின்றது. ஒவ்வொரு நிலத்திற்கும் அதனதன் பறை, அதனதன் யாழ். அங்கே வேற்றுமை உண்டு. உயர்வு தாழ்வு இல்லை.

இனி, சம்யுத்த நிகாயத்தில் பகவன் அருளிய வீணை உவமையைக் கேளுங்கள். வீணையொலியை முன்பு கேட்டறியாத அரசன் ஒருவன், அதன் இனிமையில் மயங்கி, ‘அவ்வொலியைக் கொணர்க’ என்றான். வீணையைக் கொணர்ந்தனர். ‘வீணை வேண்டா, ஒலியே வேண்டும்’ என்றான். குடமும் தோலும் தண்டும் நரம்பும் மீட்டுவோன் முயற்சியும் கூடியவிடத்து ஒலி பிறக்குமென அவர்கள் விளக்கினர். அவனோ வீணையைப் பிளந்து, சிதைத்து, எரித்துச் சாம்பலாக்கியும் ஒலியைக் கண்டானில்லை. அவ்வாறே ஐந்து கந்தங்களைத் தேடினும் ‘நான்’ என்பதொன்று அகப்படாது என்பது பகவனின் போதனை. இரு கை தட்ட ஒலி எழும். ஒரு கையின் ஒலி யாதென ஜென் ஆசிரியர் ஹாகுயின் (1686–1769) சீடரை வினவியதும் இத்தேடலைத் தூண்டுவதற்கே.

இவ்வுவமையை நம் பறைக்குப் பொருத்துவோம். தோல், சட்டம், அதனைக் காய்ச்சும் நெருப்பு, குச்சி, கை, கேட்குஞ்செவி இவை கூடுமிடத்துப் பறையொலி பிறக்கின்றது. மிருதங்கத்திலும் தோலே உண்டு. பகவன் உவமித்த வீணையிலும் தோல் உண்டு. ஒரு தோல் சபையில் ஏறவும் மற்றொரு தோல் ஊர்ப்புறத்தே நிற்கவும் நேர்ந்ததேன்? பறையைப் பிளந்து தேடுங்கள், எரித்துத் தேடுங்கள். இழிவு என்பது அதனுள் அகப்படாது. இழிவு மனிதர் சூட்டிய பெயரேயாம். பறைதல் என்னும் சொல்லுக்கே சொல்லுதல் என்பது பொருள். இழிபெயர்கள் பிறரால் சூட்டப்பட்டவை என்று பண்டித அயோத்திதாசர் (1845–1914) தம் ‘தமிழன்’ இதழில் ஓயாது எடுத்துரைத்தார்.

4. தொகுப்புரை

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படுவது இது. மூன்றுக்கும் பொதுவாய் நிற்பது ஒரு நாட்டாரின் வடிவமன்று. சார்பினால் தோன்றுதல், சார்பு நீங்கின் மறைதல் என்னும் நியதியே பொது. கணிதத்தில் சார்புகள் எங்கும் ஒத்திருத்தலின் உடன்பாடு எளிதில் எய்துகின்றது. இசையிலும் கலையிலும் செவியும் கண்ணும் பழக்கமும் வேறுபடுதலின் உடன்பாடு மெல்ல வருகின்றது, பொறுமையுடையோர்க்கே வருகின்றது. எதற்கும் தனித்த சுபாவம் இல்லாமையையே சூனியம் என்றனர் பெரியோர். சூனியமாதலின் எக்கலையும் எவருக்கும் அடைக்கப்படவில்லை. எக்கலையும் பிறவியால் இழிந்ததுமில்லை.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. கூண்டின் மணியும் அடங்கிற்று. அம்மணியோசை எங்கே போயிற்று? அரசன் தேடியதுபோல் தேடின் கிடையாது. ஆனால் அதனை அன்று ஒருமித்துக் கேட்டவர்கள் ஒருவர் உயிரை மற்றொருவர் காத்தனர்.

வரும் பௌர்ணமியன்று அன்பர்கள் சிறிது நேரம் அமைதியாய் அமர்ந்து, செவியில் விழும் முதல் ஒலியைக் கேட்பார்களாக. இனிது, இன்னாதது என்று பெயரிடுமுன் அவ்வொலி எத்தகையது? பெயரிட்டவர் யார்? இவ்விரு வினாக்களே இப்பாடத்தின் பயிற்சியாகும்.

எல்லா உயிர்களும் நலம்பெறுக!