‘வீட்டில் இரு, கூப்பிடுகிறேன்’ என்றால் என்ன செய்வது?

“கொஞ்ச நாள் வீட்டிலயே இருப்பா, நானே கூப்பிடுறேன்.”

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது, புதுச்சேரியின் கடற்கரையோர ஓட்டல்களிலும், நேரு வீதிக் கடைகளிலும், மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையிலும் வேலை பார்த்த பலர் காதில் விழுந்த வார்த்தை இது. வேலை போய்விட்டது என்று முதலாளி சொல்லவில்லை. சம்பளம் உண்டு என்றும் சொல்லவில்லை. கையில் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. நான்கு மாதம் கழித்துப் போய் நின்றால், “நீயாகத்தானே வேலைக்கு வரவில்லை?” என்ற பதில்.

அடுத்த தொற்றோ புயலோ எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் இதே வார்த்தை மறுபடி வரும். அப்போது என்ன கேட்கலாம், எங்கே கேட்கலாம் என்பதை இப்போதே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

பிரான்சில் கொடுத்தார்களே, இங்கே ஏன் இல்லை?

புதுச்சேரியில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். பிரான்சில் அண்ணனோ அத்தையோ இல்லாத தெரு இங்கே குறைவு. ‘ஷோமாஜ் பார்சியேல்’ என்று அவர்கள் சொல்லும் திட்டத்தில், கொரோனா காலத்தில் வேலையில்லாத மணிநேரத்துக்கு மொத்தச் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைத்தது. அந்தச் செலவை அரசு நிறுவனத்துக்குத் திருப்பிக் கொடுத்தது. இங்கிலாந்தின் ‘ஃபர்லோ’ திட்டத்தில் 80 சதவீதம், மாதம் 2,500 பவுண்டு வரை. 2021 செப்டம்பர் 30 வரை அது நீடித்தது. ஆனால் இரண்டு நாட்டிலும் விண்ணப்பிக்க வேண்டியவர் முதலாளி. அவர் மாட்டேன் என்றால், தொழிலாளி நேரே போய் அரசிடம் வாங்கிக்கொள்ள வழியில்லை.

இந்தியாவில் அப்படி ஒரு திட்டமே வரவில்லை. சம்பளத்தைப் பிடிக்காமல் கொடுக்க வேண்டும் என்று மத்திய உள்துறை 2020 மார்ச் 29-ல் உத்தரவு போட்டது. பணம் அரசுடையது அல்ல, முதலாளியுடையது. முதலாளிகள் உச்ச நீதிமன்றம் போனார்கள். மே 18 முதல் உத்தரவு விலக்கிக்கொள்ளப்பட்டது. ஜூன் 12-ல் நீதிமன்றம், இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், அதுவரை முதலாளிகள் மீது கடும் நடவடிக்கை வேண்டாம் என்றது. ஆகவே அந்த உத்தரவை நம்பி இனி பயனில்லை. நம்ப வேண்டியது எப்போதும் இருக்கிற தொழிலாளர் சட்டத்தை.

‘வீட்டில் இரு’ என்பதற்கு நம் சட்டத்தில் பெயர் ‘லே-ஆஃப்’

புதுச்சேரிக்காரர்களுக்கு இது புதிய சொல் அல்ல. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்து ஏ.எஃப்.டி. மில் சேதமடைந்தது. பிறகு ஆண்டுக்கணக்கில் அதன் தொழிலாளர்கள் லே-ஆஃப் என்ற பெயரில் பாதிச் சம்பளம் வாங்கினார்கள். 2020 ஏப்ரல் 30-ல், ஊரடங்குக்கு நடுவே, மில்லே மூடப்பட்டது.

முதலாளியால் வேலை கொடுக்க முடியவில்லை, ஆனால் ஆளை நீக்கவும் இல்லை. அந்த இடைநிலைதான் லே-ஆஃப். பழைய தொழில் தகராறு சட்டத்தில் இருந்த இந்த ஏற்பாடு, 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. தொழிற்சாலையில் 50 பேருக்குக் குறையாமல் வேலை பார்த்து, நீங்கள் ஓராண்டு தொடர்ந்து பணியில் இருந்திருந்தால், அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் பாதி உங்களுக்குச் சேர வேண்டும். மாதச் சம்பளம் 16,000, அதில் அடிப்படையும் பஞ்சப்படியும் 10,000 என்றால், ஏறக்குறைய 5,000. வார விடுமுறை நாளைக் கழிப்பதால் சற்றுக் குறையும். ஓராண்டுக்குள் 45 நாளுக்கு மேல் போனால், அதற்குப் பிறகு இழப்பீடு வேண்டாம் என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அப்படி ஒரு தாள் நீட்டப்பட்டால் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பத்துப் பேர் வேலை செய்யும் இடம் என்றால்?

“50 பேர் இல்லை, உனக்கு ஒன்றும் கிடையாது” என்பார்கள். பாதி உண்மை. சட்டம் சொன்ன அந்தப் பாதிச் சம்பளம் கிடையாதுதான். ஆனால் சம்பளமில்லாமல் வீட்டில் உட்காரவைக்கும் அதிகாரம் முதலாளிக்கு எங்கிருந்து வந்தது? ஃபயர்ஸ்டோன் டயர் நிறுவனத்தின் டெல்லி அலுவலக வழக்கில் உச்ச நீதிமன்றம் 1976-ல் இதைத்தான் கேட்டது. அங்கேயும் 50 பேர் இல்லை. வேலை ஒப்பந்தமோ, நிலையாணையோ, சட்டமோ அந்த அதிகாரத்தைத் தராதபோது லே-ஆஃப் காலத்துச் சம்பளம் பாக்கிதான் என்பது தீர்ப்பின் சாரம். சின்ன ஓட்டல், சின்னக் கடை ஊழியர்கள் இந்த வழக்கின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உடனே செய்ய வேண்டியவை

முதல் வேலை, அன்றைக்கே எழுதுவது. நாலு வரி போதும்: “ஐயா, இன்று முதல் வேலைக்கு வர வேண்டாம் என்று வாய்மொழியாகச் சொன்னீர்கள். நான் வேலை செய்யத் தயாராக இருக்கிறேன். இது லே-ஆஃபா, விடுப்பா, பணிநீக்கமா என்பதையும் இக்காலத்துக்கான சம்பளத்தையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்.” தேதி போடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்பி ரசீதை எடுத்து வையுங்கள். போன் மாற்றினாலும் பழைய போனைத் தூக்கிப் போடாதீர்கள்.

இரண்டு, போக முடிகிற நாளில் வேலை நேரத்தில் போய் முகம் காட்டுங்கள். லே-ஆஃப் இழப்பீட்டுக்கு நாளுக்கு ஒரு முறையாவது ஆஜராக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வாசலில் நின்று ஒரு படம் எடுத்தால் அதுவும் சாட்சி.

மூன்று, ராஜினாமா கடிதம் கொடுக்காதீர்கள். “எழுதிக் கொடு, பி.எஃப். பணம் சீக்கிரம் வரும்” என்பது பழைய தூண்டில். முதலாளியே நீக்கினால் ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான சம்பளம், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் ஆட்குறைப்பு இழப்பீடாக வர வேண்டும். ராஜினாமா செய்தால் இரண்டும் போச்சு.

நான்கு, இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் கிளை அலுவலகத்தில், வேலையிழந்தவர்களுக்கான அடல் பீமித் வ்யக்தி கல்யாண் திட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். 90 நாள் வரை கிடைக்கும் அதன் நிவாரணம், கொரோனா காலத்தில் சராசரி நாள் வருமானத்தில் 25-லிருந்து 50 சதவீதமாக உயர்த்தப்பட்டது. முதலாளி கையெழுத்து இல்லாமலே தொழிலாளி நேரடியாக விண்ணப்பிக்கலாம் என்றும் ஆனது. இது காலக்கெடு வைத்து நீட்டிக்கப்படும் திட்டம். அன்றைய நிலையைக் கேட்டுக்கொண்டு விண்ணப்பியுங்கள்.

எங்கே போவது?

வழுதாவூர் சாலை, காந்தி நகரில் இருக்கிறது தொழிலாளர் துறை. சமரச அதிகாரிக்கு மனுக் கொடுங்கள். வக்கீல் கட்டாயம் இல்லை, தமிழில் எழுதினால் போதும். பணி நியமனக் கடிதம் இல்லையே என்று தயங்க வேண்டாம். சம்பளம் வரவான வங்கிப் புத்தகம், பி.எஃப். குறுஞ்செய்தி, சீருடை, வேலை நேரம் போட்ட வாட்ஸ்அப் குழு என எல்லாமே நீங்கள் அங்கே வேலை பார்த்ததைச் சொல்லும். தகராறு எழுந்து இரண்டு ஆண்டு கடந்தால் சமரச அதிகாரி அதை எடுத்துக்கொள்ள முடியாது. சமரசம் முறிந்தால் அந்த அதிகாரியின் அறிக்கை வந்த 90 நாளுக்குள் தொழில் தீர்ப்பாயம் போக வேண்டும். சம்பளப் பாக்கிக்கு ஊதியச் சட்டத் தொகுப்பில் மூன்று ஆண்டு அவகாசம் உண்டு.

முதலாளியும் கஷ்டத்தில் இருக்கலாம். சின்ன ஓட்டல்காரர் பலர் 2020-ல் வாடகைக்கே தடுமாறினார்கள். பேசி, பாதியோ முக்காலோ ஒத்துக்கொள்வதில் தவறில்லை. அந்த ஆண்டு உச்ச நீதிமன்றம் சொன்னதும் அதுதான். ஆனால் ஒத்துக்கொண்டது எதுவானாலும் தாளில் இருக்கட்டும்: எவ்வளவு, எத்தனை மாதம், மறுபடி வேலை எப்போது என்ற மூன்றும் அதில் இருக்கட்டும், கீழே இருவர் கையெழுத்தும் இருக்கட்டும். வாய்வார்த்தையை நம்பி வீட்டுக்குப் போகாதீர்கள்.