புல்லட்டின் பிக் எண்ட்: புஷ்ஷா, ரோலரா?

கேள்வி: பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டைப் பிரித்தாயிற்று. பிக் எண்ட் புஷ்ஷுக்குப் பதில் ரோலர் பேரிங் போடலாமா? கல்வராயன் மலைக்கு அடிக்கடி ஏறும் வண்டி இது.
- ஒரு வாசகர், கள்ளக்குறிச்சி

பதில்: தாராளமாகப் போடலாம்.

1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டணியோடு சென்னைக்கு வந்த புல்லட்டில், கனெக்டிங் ராடுக்கும் கிராங்க் பின்னுக்கும் நடுவே இருப்பது மிதக்கும் புஷ். உள்ளும் புறமும் ஆயில் படலத்தின் மேல்தான் அது சுழலும். படலம் அறுந்தால் புஷ்ஷின் ஆயுள் முடிந்தது.

மலைப்பாதை இங்கேதான் வில்லனாகிறது. எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அவ்வளவுதான் பம்ப் ஆயில் தள்ளும். கச்சிராயபாளையம் தாண்டி ஏற்றத்தில் டாப் கியரிலேயே 'டுப் டுப்' என்று இழுத்தால் (அந்தச் சத்தத்தில் கெத்து இருப்பது உண்மைதான்!) சுமை கூடும், ஆயில் குறையும். ரோலர் அந்த வறட்சியை ஓரளவு தாங்கும்.

பேரிங்குக்கு ஆயில் எட்டாத சிக்கலில் போர்ஷே கூட அடிபட்டிருக்கிறது. 1997 மாடல் முதல் வந்த பாக்ஸ்டரிலும் அதையடுத்து வந்த 911-இலும் கேம்ஷாஃப்ட்டுகளை ஓட்டும் இடைத்தண்டின் பேரிங் உடைந்து எஞ்சினே போனது உண்டு. மெக்கானிக்குகள் மூடிய பேரிங்கைக் கழற்றி, ஆயில் படும்படி திறந்த செராமிக் பேரிங் போட்டார்கள். 2009 மாடல் 911 எஞ்சினில் நிறுவனம் அந்தத் தண்டையே எடுத்துவிட்டது.

புல்லட்டில் பேரிங் மட்டும் மாற்றினால் போதாது. பிளைவீல்களை டயல் கேஜ் வைத்து நேர் பார்க்கத் தெரிந்த லேத் பட்டறையாகத் தேடுங்கள். பம்ப் தேய்ந்திருந்தால் அதையும் மாற்றிய பிறகே கேஸை மூடச் சொல்லுங்கள்.