இதயம் நின்ற முதல் நிமிடங்கள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

இதயம் தொடர்பான முதலுதவியைப் பற்றித் தமிழ்நாட்டில் நிலவும் தவறான எண்ணங்களில் பல, மாரடைப்பும் இதய நிறுத்தமும் ஒன்றே என்ற குழப்பத்திலிருந்து கிளைத்தவை. இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகளுள் ஒன்று அடைபட்டு, அத்தசையின் ஒரு பகுதி பிராணவாயு கிடைக்காமல் அழியத் தொடங்குவது மாரடைப்பு. அந்நிலையில் நோயாளி பெரும்பாலும் நினைவோடு இருப்பார், நெஞ்சை அழுத்துவதாகவும் இடக்கையோ தாடையோ வலிப்பதாகவும் சொல்வார், உடல் வியர்த்துக் கொட்டும். இதய நிறுத்தம் என்பதோ, இதயத்தின் மின் ஒழுங்கு குலைந்தோ ஓய்ந்தோ, இரத்தத்தை உந்தித் தள்ளும் வேலை அடியோடு நின்றுபோவது. சில நொடிகளில் நினைவு தப்பும், இயல்பான சுவாசமும் அற்றுப்போகும். முன்னது பின்னதில் முடியக்கூடும் என்பதால்தான் இரண்டும் ஒன்றாகக் கருதப்படுகின்றன. ஆனால் முன்னதற்குரிய உதவி மருத்துவமனையை விரைந்து அடைவது. பின்னதற்குரியது, விழுந்த இடத்திலேயே நெஞ்சை அழுத்தத் தொடங்குவது.

நெஞ்சுவலியை 'வாயுப் பிடிப்பு' என்று தள்ளிப்போடுவது இவற்றுள் மிகப் பரவலானதும் பெருந்தீங்கு விளைப்பதுமான நம்பிக்கை. சோடாவோ ஓமத்திரவமோ குடித்து, ஏப்பம் வந்ததும் வலி சற்றுத் தணிந்ததாகத் தோன்ற, விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடுபவரின் இதயத் தசை அந்த இரவு முழுவதும் அழிந்துகொண்டே இருக்கக்கூடும். அடைப்பை நீக்கும் சிகிச்சை முழுப் பயன் தருவது முதல் சில மணி நேரத்தில்தான். நீரிழிவு உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் பெண்களுக்கும், பெரிய வலி ஏதுமின்றி, மூச்சுத் திணறல், குமட்டல், காரணம் புரியாத அசதி ஆகியவற்றோடு மட்டுமே மாரடைப்பு வருவதுண்டு என்பதால், ஐயம் எழுந்தவுடனேயே 108-ஐ அழைப்பதுதான் முறை. ஒவ்வாமையோ இரத்தக் கசிவு நோயோ இல்லாதவர் 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்குவது நன்மை தரும். ஆனால் வாட்ஸ்அப்பில் பரவும் 'உயிர்காக்கும் மாத்திரைப் பொட்டல'க் குறிப்புகளை நம்பி, சார்பிட்ரேட்டை எவர் நாவின் அடியிலும் வைத்துவிடுவது ஆபத்தானது. இரத்த அழுத்தம் ஏற்கெனவே தாழ்ந்திருப்பவருக்கு அது மேலும் சரிந்து மயக்கத்தையும் அதைவிடக் கொடிய விளைவையும் உண்டாக்கலாம். 2023-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அடோர்வாஸ்டேடின் ஆகிய மூன்றின் தொடக்க அளவு மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் வைக்கப்பட்டிருக்கின்றன என்பதையும், அவற்றைக் கொடுத்தபின் நோயாளி மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறார் என்பதையும் கிராமங்களில் இன்னும் பலர் அறியவில்லை, அறிந்திருக்க வேண்டும்.

தனியே இருக்கும்போது மாரடைப்பு வந்தால் விடாமல் இருமிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற செய்தியும் ஆண்டுக்கணக்காகச் சுற்றி வருகிறது. மருத்துவமனையின் இதய ஊடுகுழல் ஆய்வுக்கூடத்தில், துடிப்பைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கும் மருத்துவர், திடீரென ஒழுங்கு குலையும்போது நினைவோடிருக்கும் நோயாளியைச் சில நொடிகள் இருமச் சொல்வதுண்டு. செய்தியின் வேர் அதுவே. இதயம் நின்றவரால் இரும இயலாது, இரும முடிகிறவருக்கு இதயம் நிற்கவில்லை. அவர் அந்த நேரத்தில் செய்ய வேண்டியது தொலைபேசியை எடுப்பதும் கதவைத் திறந்துவைப்பதுமே.

இதய நிறுத்தத்தை அடையாளம் காண்பதில் நேரும் பிழைகள் தனியே பேசத்தக்கவை, ஏனெனில் சுற்றி நிற்பவர்கள் எவ்வளவு அக்கறையோடு இருந்தாலும் இங்கேதான் நிமிடங்கள் வீணாகின்றன. இதயம் நின்ற கணத்தில் மூளைக்கு இரத்தம் செல்லாததால் கைகால்கள் சில நொடிகள் வெட்டி இழுக்கலாம். அதைக் காக்கை வலிப்பு என்று எண்ணி, யாரோ ஒருவர் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவிக் கையில் திணிக்க, இன்னொருவர் முகத்தில் தண்ணீர் தெளிக்க, மற்றவர்கள் வலிப்பு அடங்கட்டும் என்று காத்து நிற்பார்கள். இரும்பு வலிப்பையும் நிறுத்துவதில்லை, நின்ற இதயத்தையும் இயக்குவதில்லை. அடுத்து வருவது இன்னும் ஏமாற்றக்கூடியது: இதயம் நின்றபின் சிறிது நேரத்துக்கு, இடைவெளி விட்டு விட்டு, குறட்டை போன்ற ஒலியோடு வாய் திறந்து மூடுவதுண்டு. 'மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது, உயிர் இருக்கிறது' என்று கூட்டம் ஆறுதல் அடையும் அந்த இழுப்பு, மூளைத்தண்டின் அனிச்சைச் செயலேயன்றிச் சுவாசம் அன்று. தோளைத் தட்டி உரக்க அழைத்தும் அசைவில்லை, பத்து நொடிக்குள் பார்த்ததில் இயல்பான மூச்சில்லை என்றால், நாடியைத் தேடிக்கொண்டிராமல் இதய நிறுத்தம் என்றே முடிவு செய்யலாம். பயிற்சியில்லாதவர் பதற்றத்தில் தேடும் நாடி, இருந்தும் அகப்படாமல் போகும், இல்லாமலும் இருப்பதுபோல் தோன்றும்.

அப்போது அவரை அள்ளி ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடுவதே கடமை என்று நம்புவது மனிதப் பரிவிலிருந்து எழுவதுதான். ஆயினும், நெஞ்சழுத்தமோ மின்னதிர்வோ கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது என்பதால், பின்னிருக்கையில் மடங்கிக் கிடக்கும் அந்தப் பயணமே உயிரைப் பறித்துவிடக்கூடும். 108-ஐ அழைத்துத் தொலைபேசியை ஸ்பீக்கரில் வைத்துவிட்டு, கெட்டியான தரையில் மல்லாத்திக் கிடத்தி, சி.பி.ஆர். எனப்படும் இதய-நுரையீரல் இயக்க மீட்பை உடனே தொடங்க வேண்டும். இதயம் இடப்பக்கம் என்பதால் இடப்பக்கத்தை அழுத்துவது தவறு. நெஞ்சின் நடுவே, மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் ஓர் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மறுகையைக் கோத்து, முழங்கையை மடக்காமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்தி, ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுமையாக மேலெழ விட வேண்டும். அடிபம்பை அடிப்பதை நிறுத்தினால் நீர் இறங்கி, மீண்டும் சில அடிகளுக்குப் பின்னரே வருவதுபோல, இடையில் நிறுத்தினால் இரத்த ஓட்டத்தின் அழுத்தமும் சரிந்துவிடும். ஆகவே இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, தடையின்றி, ஆள் மாறிக்கொள்வது நல்லது.

விலா எலும்பு முறிந்துவிடுமே என்ற அச்சம் பொய்யன்று. சரியாக அழுத்தும்போதும், குறிப்பாக முதியவர்களுக்கு, அவை முறிவதுண்டு. முறிந்த எலும்பு கூடிவிடும், நின்ற இதயத்தோடு விடப்பட்டவர் மீளமாட்டார் என்பதை நினைவில் வைத்துத் தொடர வேண்டும். இம்முறை பிறந்த வரலாறும் துணிவு தருவது: பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில், மின்பொறியாளர் வில்லியம் கோவென்ஹோவனின் மாணவர் நிக்கர்பாக்கர், நாய்களின் நெஞ்சில் மின்னதிர்வுத் தகடுகளை அழுத்தி வைக்கும்போதே இரத்த அழுத்தம் உயர்வதைக் கவனித்தார், அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஜூடோடு சேர்ந்து 1960-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, இதற்குக் கருவி வேண்டாம், இரு கைகள் போதும் என்று உலகுக்கு அறிவித்தது. விழுந்தவர் பெண்ணாக இருந்தால் அந்நிய ஆடவர் நெஞ்சில் கை வைக்கலாமா என்ற தயக்கமும் உயிர்களைப் பலிகொள்கிறது; பொது இடங்களில் பெண்களுக்கு இவ்வுதவி குறைவாகவே கிடைக்கிறது என்று வெளிநாட்டு ஆய்வுகளும் காட்டியுள்ளன. அழுத்துவதற்கு ஆடை களைய வேண்டிய தேவையில்லை. அருகில் நிற்கும் எவரும் தொடங்கலாம், தொடங்க வேண்டும்.

வாயோடு வாய் வைத்து ஊதத் தெரியாதவர் சி.பி.ஆர். செய்யக்கூடாது என்பதும் தவறு. பெரியவர் ஒருவர் திடீரென விழுந்தால், அவர் இரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் பிராணவாயு முதல் சில நிமிடங்களுக்கு உதவும் என்பதால், நெஞ்சழுத்தம் மட்டுமே பெரும்பயன் தரும். நீரில் மூழ்கியவர்களும் குழந்தைகளும் இதற்கு விலக்கு. மூச்சடைத்தே இதயம் நின்றிருப்பதால், பயிற்சி பெற்றவர் 30 அழுத்தத்துக்கு 2 முறை என்ற கணக்கில் ஊதுவது இன்றியமையாதது. கிணற்றிலிருந்து எடுத்தவரைக் கவிழ்த்து வயிற்றை அமுக்கி நீர் எடுப்பதால் நேரம் போவதோடு, வயிற்றிலுள்ளது நுரையீரலுக்குள் இறங்கவும் கூடும்.

திரைப்படங்களில் திரையில் கோடு நேராகிவிட்டதும் மருத்துவர் மின்னதிர்வு கொடுக்க, நாயகன் எழுந்து உட்காருவார். உண்மையில் நேர்க்கோட்டுக்கு அதிர்வு கொடுப்பதில்லை. தாறுமாறாக அதிரும் இதயத்தின் மின்குழப்பத்தை அடக்கி, இயல்பான துடிப்பு தொடங்க வழிவிடுவதே அதன் வேலை. விமான நிலையம் போன்ற இடங்களில் சுவரில் மாட்டியிருக்கும் ஏ.இ.டி. என்னும் தானியங்கிக் கருவி, துடிப்பைத் தானே ஆராய்ந்து, தேவையென்றால் மட்டுமே அதிர்வை அனுமதிப்பதால், முன்பின் தொட்டறியாதவரும் அதன் குரல் சொல்வதைக் கேட்டு இயக்கலாம். ஈரமான நெஞ்சைத் துடைத்துவிட்டுத் தகடுகளை வெறுந்தோலில் ஒட்ட வேண்டும். அதிர்வின்போது எவரும் உடலைத் தொடக்கூடாது. அதிர்வு முடிந்த மறுநொடியே, கண் திறக்கிறாரா என்று பார்த்துக் காத்திராமல், ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சழுத்தத்தைத் தொடர வேண்டும்.