மேசைக் கடிகாரம் சேர்க்கத் தொடங்கும் பிள்ளைகளுக்கு

திருவாலங்காடு வழியாகப் போகும் ராயபுரம்–வாலாஜா ரயில் பாதை 1856-ல் திறந்தது. இந்திய நேரம் 1906-ல் வரும்வரை ரயில்வே நடந்தது மெட்ராஸ் நேரப்படி. இன்றைய நேரத்துக்கு அது ஏறக்குறைய 9 நிமிடம் பின்னால். அந்த நேரத்தைக் காட்டிய கடிகாரங்களில் சில இன்னும் பரண்களில் கிடக்கின்றன. அவற்றைத் தேடும் ஆசை உங்களுக்கு வந்திருப்பதில் எனக்கு மெத்த மகிழ்ச்சி.

1. பெட்டியின் பளபளப்பில் மயங்காதீர்கள். பின்கதவைத் திறந்து டார்ச் அடித்து மிஷினைப் பாருங்கள். புதிதாகப் பெட்டி செய்து பழைய டயலைப் பொருத்தி விற்பவர்கள் உண்டு. திருகு போட்ட துளைக்குப் பக்கத்திலேயே அடைத்த துளைகள் தெரிந்தால், பெரும்பாலும் அந்த மிஷின் வேறு பெட்டியிலிருந்து வந்தது. பிரெஞ்சு மிஷினின் பின்தகட்டில் பொறித்த எண் பல சமயம் பெண்டுலத்திலும் இருக்கும். இரண்டும் ஒத்துப்போனால் விலை சற்றுக் கூடினாலும் விடாதீர்கள்.

2. டயலில் உள்ள பெயர் செய்தவர் பெயராக இருக்க வேண்டியதில்லை. மவுண்ட் ரோடு பி.ஆர் அண்ட் சன்ஸ் போன்ற பெரிய கடைகள், வெளிநாட்டில் செய்த கடிகாரத்திலும் தங்கள் பெயரைப் போட்டு விற்றன. செய்தவரின் முத்திரையை மிஷின் தகட்டில் தேடுங்கள். 'மேட் இன் ஜெர்மனி' என்றிருந்தால் அது பெரும்பாலும் 1887-க்குப் பிந்தியது. அந்த ஆண்டின் பிரிட்டிஷ் சட்டத்தால் பரவிய முத்திரை அது.

3. வாங்கும் முன் கண்ணை மூடி ஓசையைக் கேளுங்கள். டிக்–டாக் ஒரே இடைவெளியில் வர வேண்டும். நொண்டினால் ஒரு பக்கத்துக்கு அடியில் மடித்த அட்டையைக் கொடுத்துப் பாருங்கள். ஓசை சீரானால் குறை பெரிதல்ல. வைத்த இடம் சமமில்லை, அவ்வளவுதான். சீராகாவிட்டாலும் பயப்பட வேண்டாம், பெண்டுலத்தைப் பிடித்திருக்கும் கம்பி வளைந்திருக்கலாம், ரிப்பேர்க்காரர் சரிசெய்வார்.

4. மணி அடிக்கும் கடிகாரத்தில் பெரிய முள்ளைப் பின்னோக்கித் திருப்பவே கூடாது. முன்னோக்கித் திருப்பி, ஒவ்வொரு மணியும் அடித்து முடியும்வரை நிறுத்துங்கள்.

5. தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். நம் ஊர் வெயிலில் எண்ணெய் தூசியோடு சேர்ந்து பசையாகி, அச்சுத் துளைகளை அரித்துவிடும். கடிகார எண்ணெயில் ஊசிமுனை அளவு, அதுவும் அச்சு முனைகளில் மட்டும். பல்சக்கரத்தின் பற்களுக்கு எண்ணெயே கூடாது.

6. முறுக்கிய ஸ்பிரிங்கை நீங்களாகப் பிரிக்காதீர்கள். விரல் போய்விடும்.

7. இருட்டில் ஒளிரும் பழைய டயலையும் முள்ளையும் சுரண்டாதீர்கள். அந்தப் பூச்சில் ரேடியம் இருக்கலாம். ஒளி மங்கிவிட்டாலும் கதிர்வீச்சு நிற்பதில்லை.

8. எடுத்துச் செல்லும்போது பெண்டுலத்தைக் கழற்றித் தனியே துணியில் சுற்றுங்கள். ஆட்டோவில் குலுங்கியே பாதிக் கடிகாரங்கள் கெடுகின்றன.

9. 100 ஆண்டைத் தாண்டிய பொருள் 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வரலாம். அப்படி வந்தால் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். ஆசை காட்டும் தரகர்களிடம் அகப்படாதீர்கள்.

10. கடைகளுக்குப் போகுமுன் உங்கள் தாத்தா வீட்டுப் பரணில் ஏறிப் பாருங்கள். ஓடாத டைம்பீஸ் ஒன்று கிடைத்தால் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாமல் முதலில் அதை ஓட வையுங்கள்; விலைக்கு வாங்குவது அப்புறம்.