பெயரிலக்கணமும் கணினி நினைவகமும்

நன்னூல் பயின்ற மாணவர் யாவரும், பெயர்கள் இடுகுறியும் காரணமுமென இருவகைப்படுமென்றும், அவை பொதுவும் சிறப்புமாய் விரியுமென்றும் அறிவர். இப்பாகுபாடு கணினி நிரல் எழுதுவார்க்கும் நாடோறும் பயன்படுவதாம். அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

நம் திருப்பூர்ப் பகுதியில் பனியன் தொழில் செய்வாரிடம் வெறுமனே "30" என்றெழுதிய சீட்டை நீட்டின், அவர் யாது கொள்வர்? 30 கவுண்ட் நூலாகலாம். 30 அங்குல டயாவுள்ள பின்னற்பொறியாகலாம். நூலைக் குறித்ததென்றே கொள்ளினும் ஐயம் தீராது. கவுண்ட் என்பது ஒரு ராத்தல் நூலில் 840 கெஜச் சிட்டம் எத்தனை என்னும் கணக்காதலின், எண் ஏற ஏற நூல் மெலியும். டெக்ஸ் என்பது 1,000 மீட்டர் நூலின் நிறை எத்தனை கிராம் என்னும் கணக்காதலின், எண் ஏற ஏற நூல் பருக்கும். 30 கவுண்ட் நூல் ஏறக்குறைய 20 டெக்ஸேயாம். ஆகவே அளவையின் பெயரில்லா எண்ணை நம்பிப் பாவு வாங்குதல் நட்டத்திற்கே வழியாம்.

இனி, இயங்குதளம் நினைவகத்தைப் பக்கம் பக்கமாகப் பகுத்து நிரல்களுக்கு அளிக்கும். பல கணினிகளில் ஒரு பக்கம் 4,096 பைட். ஆங்கு "அளவு" என்னும் மாறியில் 3 என்றிருப்பின், 3 பைட்டோ, 3 பக்கமாகிய 12,288 பைட்டோ அறியோம். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸில் "ஆர்டர்" என்றொரு கணக்குமுண்டு. ஆர்டர் 3 எனின் 8 பக்கம், அஃதாவது 32,768 பைட். சிறிதளவே பெற்றுப் பெரிதளவு எழுதின், பிறர்க்குரிய இடம் அழியும். தீயோர் நுழையவும் வாயில் திறக்கும். கம்பைலரோ, யாவும் எண்ணேயாகக் கண்டு வாளாவிருக்கும்.

"எக்ஸ்" என்பது இடுகுறி போல்வது. "சைஸ்" என்பது பறவை என்றாற்போலக் காரணப்பொது. பக்கங்களின் தொகையைக் குறிக்க லினக்ஸில் வழங்கும் "என்ஆர் பேஜஸ்" என்பதோ, மரங்கொத்தி என்றாற்போலக் காரணச்சிறப்பு. எண்ணப்படுவது பக்கமென்று பெயரே உரைக்கும்.

பொதுப்பெயரால் நேரும் இடர்க்கு "பேஜ்" என்னும் வகைப்பெயரே சான்று. அது தனிப்பக்கத்தையும், பல பக்கம் சேர்ந்த தொகுதியின் தலைப்பக்கத்தையும், பின்வரும் வாற்பக்கத்தையும் குறித்தது. அதனால், வந்தது தலையோ வாலோ எனச் செயற்கூறுகள் அடிக்கடி ஆராய நேர்ந்தது. மாத்யூ வில்காக்ஸ் என்பாரின் முயற்சியால் 2022 ஜனவரியில் வந்த 5.16-ஆம் பதிப்பில் "ஃபோலியோ" என்னும் பெயர் புகுந்தது. அது வாற்பக்கத்தை ஒருகாலும் குறியாது. ஆதலின் அப்பெயர் நின்றவிடத்து அவ்வாராய்ச்சி வேண்டா.

இதுகொண்டு எல்லாப் பெயரும் நீளவேண்டுமென்பதன்று. இரண்டொரு வரியில் தோன்றி மறையும் எண்ணிக்கைக்கு "ஐ" என்னும் ஓரெழுத்தே அமையும். நெடுந்தொலைவு செல்லும் மாறிக்கே விளக்கம் மிக வேண்டும்.

மாணவ நண்பர்காள்! மாறிக்குப் பெயரிடுமுன், இஃது எதனை எண்ணுகிறது, எவ்வளவையால் எண்ணுகிறது, எங்கிருந்து எண்ணுகிறது என மூன்று வினாக்களை எழுப்புமின். நும் நிரலைப் பல்லாண்டு கழித்துத் திருத்துவோர் நும்மை அருகிருந்து வினவ இயலாது; நீவிர் இட்ட பெயரே அவர்க்கு விடை கூறவேண்டும்.